நாங்கள் ஹௌகன் ஆன விதம்

1

என் மகள் ரூத்துக்குப் போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அவரவர் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம், அந்தப் பெயரில் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்களா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கிற ஓர் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சின்னப் பள்ளிக்கூடம். அவள் வகுப்பில் கறுத்த தலைமுடி அவளுக்கு மட்டும்தான். ஆனால் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் யாருடையது என்று பார்த்தால் அதுவும் அவளுடையதுதான். ரூத் ஹௌகன்.

பக்கத்துப் பண்ணைவீட்டிலிருந்து ஒரு புத்தகத்தை வாங்கிவந்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். நார்வேஜிய மொழியில் எனக்கு வாசித்தும் காட்டினாள். தப்பில்லாமல் இருந்தது. பிறகு நோட்டை மூடிவிட்டு, தமிழில் கேட்டாள். அவள் தமிழ் இப்போது இந்த ஊர்க்காரர்கள் பேசும் ராகத்தில் மேலும் கீழும் போய்வருகிறது.

"அப்பா, இதுல நாம எங்க வர்றோம்?"

டீச்சருக்கு நீ எழுதியது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ஊரில் இருக்கிற நண்பர்களுக்கு அது போதாது. கோயமுத்தூரிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி, "சாலமோன், நீ எப்போது வெள்ளைக்காரன் ஆனாய்?" என்றுதான் தொடங்குகின்றன. உறையின் மேல் என் பெயரை எழுதும்போதே அவர்களுக்குக் கை கூசுகிறதாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

2

முதலில் ரூத் எழுதிய பகுதி.

ஹௌக் என்றால் இவர்கள் மொழியில் மேடு. மலையல்ல. ஏறி நின்றால் அடுத்த வயலும் அதற்கு அடுத்த வயலும் தெரியும், அவ்வளவு உயரம். பழைய காலத்துத் தலைவர்களைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்தார்களே, அந்தக் குவியலுக்கும் இதே சொல்தான். ஹௌகன் என்றால் 'அந்த மேடு'. வேறொன்றுமில்லை. பெயரைக் கேட்டதும் ஏதோ பிரபு வம்சம் என்று நினைத்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்ற ஒன்று சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. நம்மைப் போலத்தான். தன் பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று. ஹன்ஸ் என்பவரின் மகன் என்றால் ஹன்சென். மகளுக்கு வேறு விகுதி. அதற்கும் பின்னால், ஆள் எந்த இடத்தில் குடியிருக்கிறானோ அந்த இடத்தின் பெயர். 'ஓலா ஹன்சென் ஹௌகன்' என்று பாதிரியார் சர்ச் பதிவில் எழுதினால், ஹன்ஸ் மகன் ஓலா இப்போது மேட்டில் இருக்கிறான் என்று பொருள். அவனே அடுத்த வருஷம் பள்ளத்துக்குக் குடிபோனால் பள்ளத்தின் பெயர். காந்திபுரத்திலிருந்து உக்கடத்துக்கு வாடகை வீடு மாறுகிறவர்கள் பெயரையும் மாற்றிக்கொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி. பெண் வீட்டு நிலத்துக்குக் குடிவந்த மாப்பிள்ளை அந்த நிலத்தின் பெயரை எடுத்துக்கொள்வான். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கேலிதான் மிஞ்சும். இங்கே அவனுக்கு ஒரு பெயராவது கிடைத்தது.

எங்கள் அப்பா தலைமுறையில்தான் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஒரே பெயர், அது பிள்ளைகளுக்கும் போகும், இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று. அந்தச் சமயத்தில் யார் யார் மேட்டில் இருந்தார்களோ அவர்கள் ஹௌகனாகவே நின்றுவிட்டார்கள். இப்போது ஆஸ்லோவில் மாடிக் கட்டடத்தில் இருக்கிற ஹௌகனுக்கு எந்த மேடு தன் மேடு என்றே தெரியாது.

நிறையப் பேருக்கு இந்தப் பெயர் இருப்பதற்குக் காரணத்தை ரூத்தின் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஒவ்வொரு பண்ணையிலும் நல்ல மண் கீழே இருக்கும், அது சொந்தக்காரருக்கு. கல்லும் சரளையுமான மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள வேலைக்காரக் குடும்பம் ஒன்றை விடுவார்கள். குடியிருப்பதற்குப் பதிலாகப் பண்ணையில் உழைக்க வேண்டும். நாம் பண்ணையாள் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பெரிய பண்ணையின் பெயரை அவன் எடுத்துக்கொண்டால் இங்கேயும் முகம் சுளித்தார்களாம். மேட்டின் பெயருக்கு யார் சண்டைக்கு வருவார்கள்? எல்லாப் பண்ணையிலும் ஒரு மேடு இருந்தது, எல்லா மேட்டிலும் ஓர் ஏழை இருந்தான். அதனால் நாடு முழுக்க ஹௌகன்கள். பிழைக்க வழியில்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கேயும் இந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள்.

இங்கத்து ஏழைகள் சொர்க்கத்தில் வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் மேட்டிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். ஆனால் குடியிருந்தவனைக் குடியிருந்த இடத்தின் பெயரால் கூப்பிட யாரும் யோசிக்கவில்லை. நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு சங்கதியைத்தான்.

3

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, எங்கள் அப்பா யாக்கோபு பண்ணையாளாக இருந்த தோட்டத்துக்குச் செங்காடு என்று பெயர். அப்பாவுக்கு அப்பாவும் அதே தோட்டத்தில்தான் இருந்தார். கொங்கு நாட்டில் ஆளைத் தோட்டத்தின் பெயரால்தான் அடையாளம் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்கிற முதல் கேள்வியே "எந்தத் தோட்டமுங்க?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் முதலாளி குடும்பம் செங்காட்டார். நாயுடுமார். அவர்களில் ஒரு கிளை கோயமுத்தூருக்குப் போய் ஸ்பின்னிங் மில் வைத்து, காரில் வந்துபோகத் தொடங்கிய பிறகும் செங்காட்டார்தான். அதே தோட்டத்தின் வேலி ஓரத்தில் குடிசை போட்டு இருந்த எங்களை யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்களும் நினைத்ததில்லை.

என் அக்கா மார்த்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது ஐம்பதுகளின் தொடக்கத்தில். நான் அப்போது கோயமுத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு பவுண்டரியில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அழைப்பிதழ் அடித்து வருகிற பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் அழைப்பிதழ் அச்சடித்த முதல் கல்யாணம் அது. அச்சகத்துக்காரர் எல்லா அழைப்பிதழுக்கும் ஒரே வாசகத்தைக் கோத்து வைத்திருந்தார். பெயர்களை மட்டும் மாற்றுவார். அப்பா பெயருக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது.

"எந்தத் தோட்டமுங்க?" என்றார்.

"செங்காடுங்க" என்றேன். அவர் எழுத்தை எடுத்துக் கோத்தார். 'செங்காடு யாக்கோபு அவர்களின் குமாரத்தி' என்று வந்தது. அப்பாவுக்கு எழுத்து மெதுவாகத்தான் வாசிக்க வரும். அந்த வரியை மட்டும் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் சின்ன நாயுடு. அப்பாவைவிட வயதில் ரொம்ப இளையவர். கையில் அழைப்பிதழ் இருந்தது.

"ஏப்பா யாக்கோபு, காயிதம் நல்லா அடிச்சிருக்கறாங்க."

"உங்க தயவுங்க சாமி."

"செங்காடுன்னு போட்டிருக்குதே, அது என்னத்துக்கு?"

"இங்கதானுங்களே இருக்கறோம் சாமி. அதான் பையன் போட்டுட்டு வந்துட்டானுங்க."

"இருக்கறீங்க, ஆரு இல்லேன்னா? பரம்பரையா இருக்கறீங்க. ஆனா அச்சுல ஏறிப்போச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் இந்தக் காயிதத்த எடுத்துட்டு வந்து பாத்தியம்னு பேசுவான். காலம் அப்படிக் கெடக்குது. அந்த ஒரு வார்த்தைய எடுத்துப்போடு. கலியாணத்துக்கு அரிசி நம்மூட்லிருந்து வந்துரும்."

"செரிங்க சாமி."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சொன்னபடி அரிசியும் வந்தது, நல்ல அரிசி. நம் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

அப்பா மை வாங்கிவந்து, ஈர்க்குச்சியை முனை நசுக்கி, ஒவ்வோர் அழைப்பிதழிலும் அந்த ஒரு வார்த்தையை அடித்தார். மை காய அவற்றைப் பாயில் பரப்பிவைத்தார். ஏற்கெனவே கொடுத்துவிட்டவற்றையும் விடவில்லை. ஆனைமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் பஸ் ஏறிப் போய், கொடுத்த அழைப்பிதழைத் திரும்ப வாங்கி, அங்கேயே உட்கார்ந்து அடித்துவிட்டு, மறுபடியும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அழைக்கப்பட்டவரிடமே போய் அழைப்பிதழைத் திருப்பிக் கேட்ட மனிதர் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு என்ன தோன்றியது என்று தெரியாது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

4

நான் இங்கே வந்த கதை சுருக்கமானது. மலையாளக் கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் வைக்க நார்வேக்காரர்கள் வந்திருந்தார்கள். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கோயமுத்தூர் ஆளுக்கு அங்கே வேலை கிடைத்தது. அங்கிருந்து பயிற்சிக்கென்று ஐம்பதுகளின் கடைசியில் இங்கே அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் பட்டறைக்காரர், இருந்துவிடேன் என்றார். இருந்துவிட்டேன். இதில் வீரம் ஒன்றுமில்லை.

வந்த அன்றே துறைமுகத்தில் பெயரும் குடும்பப் பெயரும் கேட்டார்கள். நமக்கு இனிஷியல்தானே உண்டு. அப்பா பெயரைச் சொன்னேன். சாலமோன் யாக்கோபு என்று பதிந்துகொண்டார்கள். பிறகு எஸ்தர் வந்தாள். ஊரில் எனக்குக் கட்டிவைத்த பெண், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தவள். இந்த ஊர் வழக்கப்படி புருஷனின் குடும்பப் பெயர் பெண்டாட்டிக்கும். ஆகவே அவள் கப்பலை விட்டு இறங்கும்போதே திருமதி யாக்கோபு ஆகிவிட்டாள். இதில் என்ன வில்லங்கம் என்று எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

வில்லங்கம் இதுதான். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்களுடையது தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் எடுத்த குடும்பம். என்னென்னவோ பழக்கங்கள் அந்தத் தண்ணீரோடு போயின. இது மட்டும் நனையாமல் கரையேறிவிட்டது. எஸ்தர் வேதாகமம் வாசிப்பதைக் கேட்க வேண்டும். ஆதியாகமத்தில் பாதிக்கு மேல் யாக்கோபு கதைதானே. அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் "மாமா" என்று வாசிப்பாள். ஈசாக்குக்கு ஏசாவும் மாமாவும் பிறந்தார்கள். மாமா கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, வானத்துக்குப் போகிற ஏணியைச் சொப்பனத்தில் கண்டார். கிணத்துக்கடவில் இருக்கிற தன் தாத்தாதான் அந்த ஏணியைப் பார்த்தவர் என்று ரூத் சின்ன வயதில் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் இருந்தவரை இது வேடிக்கை. எஸ்தருக்கு இங்கத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் வேடிக்கை வெளியே வந்தது. இந்த ஊரில் டெலிபோனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார்கள். எடுத்தவர் தன் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். வார்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவள் வேலையில் சேர்ந்த அன்று முதல் மணி அடித்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றாளாம். எதிர்முனையில் யாரது, யாரது என்று கேட்க, கடைசியில் "ஹௌகன்" என்று சொல்லிவிட்டாள்.

ஹௌகன் என்பது எங்கள் வீடு இருந்த இடம். ஆர்னே என்பவருடைய பண்ணையில், கல் மேட்டின் மேல் இருந்த பழைய வேலைக்காரர் வீட்டை நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்து, பிறகு அவரிடமே விலைக்கு வாங்கியிருந்தோம். ஊரில் எங்களை ஹௌகன் வீட்டு ஆட்கள் என்றுதான் சொல்வார்கள். அவள் வாயில் சட்டென்று வந்தது அதுதான். சாயங்காலம் என்னிடம் சொன்னாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்னென்ன, மாமா பேரையாங்க சொல்லுவாங்க? அதும் ஊரறியப் போன்ல."

"இங்க ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமுங்களே."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஹௌகன் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். சட்டையில் குத்துகிற பெயர்வில்லையிலும் அப்படியே வந்தது. யாரோ ஒரு குமாஸ்தா சம்பளச் சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார். வரி அலுவலகத்துக்குக் குழப்பம். எஸ்தர் யாக்கோபு என்று ஒருத்தி வரி கட்டவே இல்லை, எஸ்தர் ஹௌகன் என்று ஒருத்தி நாட்டுக்குள் வரவே இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மனிதனோடு இருக்கிறார்கள். இந்த நாட்டில் குமாஸ்தாக்கள் கோபப்படுவதில்லை, காகிதம் அனுப்புகிறார்கள். காகிதமாக வந்து குவிந்தது. ரூத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதும் வந்தது. ஒரே பெயராக முடிவு செய்து சொல்லுங்கள் என்று மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

5

அங்கே இருந்த அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. மூன்று வழி சொன்னார். அப்பா பெயரையே அப்படியே குடும்பப் பெயராக உறுதி செய்துகொள்ளலாம். அல்லது இந்த நாட்டு முறையில் யாக்கோப்சென் என்று வைத்துக்கொள்ளலாம், யாக்கோபின் மகன் என்று அர்த்தம், ஊருக்கு ஊர் அந்தப் பெயரில் ஆள் உண்டு. மனைவிக்கும் மகளுக்கும்கூட அதே பெயர்தான். ஆக எஸ்தர் தன் மாமனாருக்கு மகனாகிவிடுவாள், அப்போதும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வழி ஹௌகன்.

"அபூர்வமான பெயராக இருந்தால் அந்தப் பெயருள்ள குடும்பங்களின் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்" என்றார். "இது எல்லோருக்கும் இருக்கிற பெயர். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

"ஒருவரைக் கேட்க வேண்டும்" என்றேன்.

"யாரை?"

"என் அப்பாவை."

அவர் என் நரைத்த காதோரத்தைப் பார்த்தார். தவணை கொடுத்தார்.

உண்மையில் நான் இரண்டு பேரைக் கேட்டேன். முதலில் போனது ஆர்னேயிடம். அவர் வைக்கோல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து, உங்கள் பண்ணையில் இருக்கிற மேட்டின் பெயரை நாங்கள் எங்கள் பெயராகப் போட்டுக்கொண்டால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். என் நார்வேஜியம் சரியில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். கேள்வி புரிந்தது, கேட்டது ஏன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"அங்கேதானே இருக்கிறாய்" என்றார். "வேறு என்ன பெயர் வைப்பாய்?"

வைக்கோலை அள்ளிக் கம்பியின் மேல் போட்டுக்கொண்டே, தன் தாத்தா வேறு பண்ணையில் பிறந்து இங்கே மாப்பிள்ளையாக வந்து பெயர் மாற்றிக்கொண்டவர் என்றும் சொன்னார். எனக்கு முன்னால் அந்த மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஹௌகன்தான், அவர்களில் ஒருவருக்கொருவர் சொந்தம்கூட இல்லை என்றார். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவர் அதை அத்தனை சுலபமாகச் சொன்னது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

எஸ்தர் மட்டும் மசியவில்லை. ஹௌகன் என்று முதலில் சொன்னதே அவள்தான். ஆனால் அதை எழுதி முத்திரை குத்த வேண்டும் என்றதும் பின்வாங்கினாள்.

"நாஞ் சொல்றதில்லீங்க, அது மரியாதைக்கு. அதுக்காக மாமா பேர அழிச்சுப்போட்டு ஒரு மேட்டோட பேர வெக்கறதா? கேளுங்க. அவியெ என்ன சொல்றாங்களோ அதுதான்."

இதைக் கடிதத்தில் கேட்க முடியாது. கையெழுத்தை அப்பாவுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், வாசிக்கிறவர் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து வாசிப்பார். எப்படியும் ஊருக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். புறப்பட்டோம்.

6

அப்பா தோட்டத்தை விட்டு வந்து, கிணத்துக்கடவில் மார்த்தாள் அக்கா வீட்டில் இருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது, கைத்தடி இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. சர்ச் ஐயர் வீட்டுக்கு வந்தபோதுகூட உட்கார்ந்தபடியே கும்பிட்டார். ரூத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவள் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பேச்சை எடுத்தேன். மேட்டைப் பற்றி, ஆர்னேயைப் பற்றி, அலுவலகத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். போன் விவகாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது எஸ்தர் சங்கதி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நெலத்துக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவருதானுங்கப்பா, வேற என்ன பேரு வெப்பேன்னு கேட்டாரு."

"இன்னைக்குச் சொல்லுவாரு. நாளைக்கு அவிய பையன் வந்து கேட்டா?"

"அங்க அது வழக்கமுங்கப்பா. ஆரும் கேக்க மாட்டாங்க."

எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் பொறாமை போன்ற ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப என்ற பேரு?" என்றார்.

"எனக்கு நடுவுல இருக்குமுங்கப்பா."

"பாப்பாளுக்கு?"

"அவளுக்கு இருக்காதுங்க."

அவர் ரூத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"அன்னைக்குச் செங்காடுங்கறத நானே அடிச்சேன். பக்கத்துலயே என்ற பேரு இருந்துச்சு. மை அதுமேல படாம அடிக்கோணும்னு பதனமா அடிச்சேன். இப்ப நீ வந்து அதையும் அடிச்சரலாமான்னு கேக்கறே."

அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் மேட்டுக்காக அத்தனை தூரம் வந்து வாதாடிக்கொண்டிருந்தேன், அவருக்குக் கடைசியாக மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான். சமையலறை வாசலில் நின்ற எஸ்தர் சொன்னாள்: "உட்டுப்போடுங்க. மாமா பேரே இருக்கட்டும்."

"அப்ப அங்க போனை எடுத்து என்னன்னு சொல்லுவே அம்மணி?" என்று மார்த்தாள் அக்கா சிரித்தபடி கேட்டாள். எஸ்தர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு வாய் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிப் போனையும், ஏசாவும் மாமாவும் பிறந்ததையும் அப்பாவிடம் போட்டு உடைத்துவிட்டாள். ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"அதுக்கா இத்தனையும்?" என்றார். "அம்மணி, இங்க வா. நானே சொல்றேன், என்ற பேர நீ சொல்லலாம். ஒருக்காச் சொல்லிப்போட்டீன்னா நாக்குப் பழகிக்கும். அப்பறம் அங்க போயித் தைரியமாச் சொல்லலாம்."

"வேண்டாமுங்க மாமா."

"நாந்தான சொல்றேன். இப்பவே சொல்லு, எல்லாத்துக்கும் முன்னால."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு வார்டில் போனை எடுக்கிறவர்கள் சொல்வது போலச் சத்தமாக, ஒரே தடவையில் சொன்னாள்.

"யாக்கோபு."

"சாமி" என்று அப்பா எழுந்து நின்றார்.

கைத்தடியைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டு எப்போது கக்கத்துக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. முதுகு வளைந்து, முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வாசலில் யாரும் இல்லை.

வீட்டில் அவர் அப்பா, மாமா, தாத்தா. எங்கள் அம்மா சாகிறவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொந்தத்தில் பெரியப்பா, சித்தப்பா. ஆயுசு முழுக்க அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் தோட்டத்துக்காரர்கள்தான், அந்த வீட்டுக் குழந்தைகள் உட்பட. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

எஸ்தர் சுவரைப் பார்த்தபடியே அழுதாள். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். என் அப்பாவைப் பார்த்து நான் அதுவரை பரிதாபப்பட்டதில்லை. அன்று பட்டேன், அப்படிப் பட்டது எனக்குப் பிடிக்கவும் இல்லை. அவர் என்னைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கக்கத்துத் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த மேட்டுப் பேரே இருக்கட்டும் கண்ணு" என்றார். "மேட்டை ஆரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."